கதை யாருடையது? – ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலும் பாதிக்கப்பட்டோர்தரப்பு வழக்காடலும்

ஆய்வுச் சுருக்கம்

குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்காக நீதியமைப்பில் யார் பேசுவது, எச்சொற்களில் பேசுவது என்னும் வினாவை ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல் ஆகிய இரண்டின் வழியாக இக்கட்டுரை ஆராய்கிறது. இப்பனுவல்களைக் கற்பு, தூய்மை, தாய்மை ஆகிய கோணங்களில் அணுகிய திறனாய்வு, கங்காவின் பொருட்டுப் பேச முன்வருவோரின் தகுதியைப் போதிய அளவு வினவவில்லை. 2024 டிசம்பரில் சென்னைக் கோட்டூர்புரத்தில் பதிவான ஒரு வழக்கின் முதல் தகவல் அறிக்கை குறித்து உயர் நீதிமன்றத்தில் எழுந்த விவாதத்தோடு ஒப்புநோக்கும்போது, பாதிக்கப்பட்டவரின் கூற்றைக் காப்பதே அவர்தரப்பு வழக்காடலின் முதற்பணி என்னும் கருத்தை நாவலிலிருந்து பெற முடிகிறது.

திறவுச்சொற்கள்: ஜெயகாந்தன், பாதிக்கப்பட்டோர் உரிமை, முதல் தகவல் அறிக்கை, வக்காலத்து, கூற்று, சென்னை

கோட்டூர்புரத்துப் பனுவல்

2024 டிசம்பர் 23 அன்று இரவு அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார். அடையாற்றின் தென்கரையில் உள்ள கோட்டூர்புரத்தின் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் அவர் புகார் அளித்தார். புகார் முதல் தகவல் அறிக்கையாகப் பதிவாகி, காவல்துறையின் இணையதளத்தில் எவரும் திறந்து படிக்கும் நிலையில் சில மணிநேரம் இருந்தது. இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுக்குக் கணினிப் பதிவுகளை மாற்றும்போது நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு என்று காவல்துறை விளக்கம் அளித்தது. அதற்குள் அவ்வறிக்கை கைப்பேசி விட்டுக் கைப்பேசி பரவியிருந்தது. பெயரும் விவரங்களும் மட்டுமல்லாமல், நடந்தது இன்னதென்று எழுதப்பட்டிருந்த முறையும் நகரத்தின் வாசிப்புப் பொருளாயிற்று.

டிசம்பர் 28 அன்று சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, இந்தியக் காவல் பணியைச் சேர்ந்த மூன்று பெண் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அறிக்கை கசிந்ததற்காக 25 இலட்சம் ரூபாயை இடைக்கால இழப்பீடாக மாணவிக்கு வழங்குமாறு அரசுக்கு ஆணையிட்டது. அவரிடம் கட்டணம் ஏதும் பெறாது படிப்பைத் தொடரச் செய்யுமாறு பல்கலைக்கழகத்தையும் பணித்தது. 2025 மே 28 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் எதிரியைக் குற்றவாளி எனத் தீர்மானித்தது. ஜூன் 2 அன்று, 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனையை விதித்தது. நிகழ்வுக்கும் தீர்ப்புக்கும் இடையே ஐந்து மாத காலமே கழிந்தது. இந்திய விசாரணை நீதிமன்றங்களின் வழக்கத்தை அறிந்தோர்க்கு இவ்வேகம் வியப்பளிக்கக்கூடியது.

இவ்வழக்கில் இலக்கிய மாணவர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது வேறொன்று. உயர் நீதிமன்றம் அறிக்கை கசிந்ததை மட்டும் கண்டிக்கவில்லை. அறிக்கை எழுதப்பட்ட மொழி பாதிக்கப்பட்டவர்மீதே பழியைச் சாய்க்க இடந்தருகிறது என்றும், புகார் எழுதிப் பழகாத இளம்பெண்ணுக்கு அதனை எழுத நிலைய அதிகாரிகள் உதவியிருக்க வேண்டும் என்றும் கருத்துரைத்தது. ஒரு பனுவலின் சொல்லாட்சி, தொனி, வாசகரிடம் அது ஏற்படுத்தும் விளைவு ஆகியவற்றை நீதிமன்றம் ஆராய்ந்தது. இது திறனாய்வாளரின் வேலை. தமிழ்த் துறைகளில் நாம் செய்யத் தவறிய ஒன்றை ஒரு சனிக்கிழமையன்று நீதிபதிகள் செய்ய நேர்ந்தது என்று கூறினும் தவறில்லை. காவல் நிலையங்களில் நாள்தோறும் தமிழில் எழுதப்படும் புகார்களும் வாக்குமூலங்களும் நம் காலத்தின் மாபெரும் உரைநடைத் தொகுதி. அதனைப் பனுவலாகக் கொண்ட ஆய்வுகள் நம்மிடையே அரிது.

‘என் கதையை யார் எழுதினார்கள், யாரைக் கேட்டு எழுதினார்கள்’ என்னும் வினா தமிழ்ப் புனைகதைக்குப் புதிதன்று. ஏறத்தாழ 55 ஆண்டுகளுக்கு முன்பே இதே நகரத்தைக் களமாகக் கொண்ட ஒரு நாவல் அவ்வினாவிலிருந்துதான் தொடங்கியது.

வக்காலத்து என்னும் சொல்

நாவலுக்குள் புகுமுன் சொல் ஒன்றைக் கவனித்தல் தகும். வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்காகத் தோன்ற அதிகாரம் பெறும் ஆவணம் ‘வக்காலத்து’. அரபு மூலமுடைய இச்சொல் பாரசீக வழக்கின் ஊடாக நீதிமன்றத் தமிழில் நிலைபெற்றது. நீதிமன்றத்துக்குள் மதிப்புடைய இச்சொல் வீதிக்கு வந்ததும் இழிவழக்காகிறது. “அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்” என்னும்போது, தனக்குத் தொடர்பில்லாதவருக்காக, பெரும்பாலும் தகுதியற்றவருக்காகப் பேசுதல் என்பதே பொருள். பிறருக்காகப் பேசுவதைத் தமிழ் வழக்கு ஐயத்தோடேயே நோக்குகிறது. இவ்வையத்தில் நியாயம் உண்டு.

‘வழக்குரைஞர்’ என்னும் சொல்லாக்கமோ சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நினைவூட்டுவது. அக்காதையில் வழக்குரைப்பவள் கண்ணகியே. அவளுக்கென வேறொருவர் பேசவில்லை. பாதிக்கப்பட்டவளே வாதி, அவளே சாட்சி, சான்றுப்பொருளும் அவள் கையிலேயே இருக்கிறது. மெரினாவில் 1968இல் நிறுவப்பட்ட சிலையும் வாதாடும் பெண்ணின் உருவமே. இன்றைய குற்றவியல் நடைமுறையில் கண்ணகிக்கு அந்த இடம் இல்லை. குற்றம் அரசுக்கு எதிரானதாகக் கொள்ளப்படுவதால் அரசே வாதி. அரசு வழக்கறிஞரே பேசுவார். பாதிக்கப்பட்டவர் தீர்ப்பின் பக்கங்களில் ‘அ.சா.1’ என்னும் குறியீடாகச் சுருங்குவார். அவர் அரசுத் தரப்பின் முதல் சாட்சி. சாட்சிக்கு வழக்கறிஞர் எதற்கு என்பதே நெடுங்காலம் அமைப்பின் விடையாக இருந்தது.

மயிலாப்பூரை இங்கு நினைக்காமல் இருக்க முடியாது. பாஷ்யம் ஐயங்கார், வி. கிருஷ்ணசாமி ஐயர், அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் போன்றோரால் ‘மயிலாப்பூர் வக்கீல்’ என்பது சென்னை மாகாணத்தில் ஒரு சமூக வகைமையாகவே அமைந்தது. இந்திய அரசமைப்பின் வரைவுக் குழுவரை நீண்டது அந்த மரபு. அதன் அறிவாற்றல் பெரிதும் சொத்து, தத்து, ஜமீன், அறநிலையம் சார்ந்த வழக்குகளில் செலவாயிற்று. குற்றவியலில் அவ்வாற்றல் எதிரியின் பக்கமோ அரசின் பக்கமோ நின்றது. பாதிக்கப்பட்டவர் பக்கம் தனித்து நிற்கச் சட்டத்தில் நாற்காலி இல்லை. வக்கீல்கள் நிறைந்த வீதிகளின் நடுவே வாழ்ந்த பெண்ணொருத்தி குற்றத்துக்கு உள்ளானால், அவளுக்கென வக்காலத்து இடுபவர் அரசு வழக்கறிஞரின் கீழன்றித் தனித்து வழக்கை நடத்துவது சட்டப்படி இயலாததாகவே இருந்தது.

இந்நிலை மாறிய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1994 அக்டோபரில் தில்லி வீட்டுப் பணிப்பெண்கள் மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், பாலியல் குற்றத்துக்கு உள்ளானோர்க்குக் காவல் நிலையத்திலேயே சட்டத்துணை வேண்டும் என்றது. நடைமுறையை விளக்குவது, வழக்குக்கு அவரை ஆயத்தப்படுத்துவது, மருத்துவ, மனநல உதவிக்கு வழிகாட்டுவது ஆகியன அத்துணைவரின் பணிகள் என்றும், காவல் நிலையத்தில் உடனிருந்தவரே இறுதிவரை உடனிருத்தல் நலம் என்றும் அது வகுத்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தம் 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தபோது ‘பாதிக்கப்பட்டவர்’ என்பதற்கு முதன்முறையாக வரையறை கிடைத்தது. நீதிமன்ற அனுமதியோடு தம் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும், விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும், இழப்பீடு கோரவும் வழி பிறந்தது. ஆயினும் அவ்வழக்கறிஞர் அரசு வழக்கறிஞருக்கு உதவலாமேயன்றித் தாமே வாய்மொழியாக வாதிடவோ சாட்சிகளை விசாரிக்கவோ கூடாது என்று 2019இல் ரேகா முரார்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லை கட்டியது. 2022 ஏப்ரலில் ஜக்ஜீத் சிங் வழக்கில் அதே நீதிமன்றம், புலனாய்வு முதல் மேல்முறையீடு வரை ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் தம் தரப்பை எடுத்துரைக்க உரிமை உடையவர் என்றது. இவ்விரு தீர்ப்புகளின் இடைவெளியில்தான் இன்று பாதிக்கப்பட்டோர்தரப்பு வழக்கறிஞர் நிற்கிறார். பேச வந்தவர், பேச அனுமதியற்றவர், ஆனால் அருகிலேயே இருக்க வேண்டியவர் என்பதே அவருடைய நிலை.

கங்காவுக்காகப் பேசியோர்

‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. மழை மாலையில் காரில் ஏற்றிச் செல்லப்பட்டு வல்லுறவுக்கு உள்ளாகித் திரும்பும் கல்லூரிப் பெண்ணின் தலையில் தாய் நீரூற்றி, நீ தூய்மையானவள் என்கிறாள். அக்கதை எழுப்பிய புயலை நாம் அறிவோம். தாய் அவ்வாறு செய்யாதிருந்தால் என்னவாகும் என்னும் எதிர்வினாவிலிருந்து, ‘காலங்கள் மாறும்’ என்னும் பெயரில் தினமணி கதிரில் தொடராக வந்து, 1970இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என நூலாயிற்று நாவல். 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

திறனாய்வு மரபு நீரூற்றிய தாயையே மையமாகக் கொண்டது. அவள் புரட்சி செய்தாளா, சடங்கு செய்தாளா என்னும் விவாதம் இன்றும் ஓயவில்லை. தாய் செய்யும் இரண்டாவது செயலின்மீது அந்த அளவுக்கு வெளிச்சம் விழவில்லை. அவள் மகளை மன்னிக்கவில்லை, ஏனெனில் மன்னிக்க ஏதுமில்லை என்று உணர்கிறாள். இது பேருள்ளம். அதே மூச்சில், நடந்ததை எவருக்கும் சொல்லாதே என்றும் பணிக்கிறாள். பல குடித்தனங்கள் வாழும் வீட்டில் சுவருக்கு அப்பால் காதுகள் உண்டு. அன்பும் அடக்குதலும் ஒரே குடத்து நீராக மகள் தலையில் இறங்குகின்றன. தாயின் முடிவு பிழையா என்று கேட்பது எளிது. 1966இன் சட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் அவளைக் குறைகூற நா எழாது. பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிடுவதைத் தடைசெய்யும் விதி அன்றில்லை. அது 1983இல்தான் வந்தது. மூடிய அறையில் விசாரணை நடத்துவது கட்டாயமாக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். வல்லுறவு வழக்கில் புகார் கூறும் பெண் பொதுவாக ஒழுக்கக்கேடானவர் என்று காட்டி அவருடைய நம்பகத்தன்மையைக் குலைக்கச் சாட்சியச் சட்டத்தின் 155(4) இடமளித்தது. அவ்வுட்பிரிவு நீங்க 2003 ஆகவேண்டியிருந்தது. தாய் அஞ்சியது அண்டை வீட்டாரை மட்டுமன்று என்று நாம் வாசிக்கலாம்.

நாவலில் தாய் கனகம் வேறு விதமாக நடந்துகொள்கிறாள். அவளுடைய அலறலால் செய்தி வெளிப்படுகிறது. அண்ணன் கணேசன் கங்காவை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். அவளை ஏற்றுப் படிக்கவைத்து, வேலைக்குச் செல்லும் நிலைக்கு உயர்த்துபவர் தாய்மாமன் வெங்கு மாமா. அவர் தஞ்சாவூர் வக்கீல்.

இந்தத் தொழில் தற்செயலானதன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். நாவல் முழுவதிலும் சட்டம் அறிந்த ஒரே மனிதர் அவர். அவர் வீட்டிலேயே ஒரு பெரும் குற்றத்துக்கு உள்ளான பெண் வளர்கிறாள். ஆனால் வழக்கு, புகார், நீதிமன்றம் என்னும் திசையில் அவர் சிந்தை செல்வதேயில்லை. மாறாக, அவர் தீர்ப்பு வழங்குகிறார். நீ யாருக்கும் மனைவியாக முடியாது, வைப்பாகத்தான் முடியும் என்கிறார். சாஸ்திரமும் சட்ட அறிவும் கலந்த அவருடைய பேச்சு, குறுக்கு விசாரணை செய்து பழகிய நாவின் பேச்சு. அன்று உன்னைக் கெடுத்தவன் எவனோ அவனைத் தேடிப்பிடி, பார்க்கலாம் என்று அவர் விடும் அறைகூவல் கவனிக்கத்தக்கது. மெய்ப்பிக்கும் சுமையை அவள்மீதே ஏற்றுகிறார். புலனாய்வும் அவள் வேலை, அடையாளங்காட்டுவதும் அவள் வேலை. இவ்வளவும் செய்துவிட்டு, காப்பாளன் என்னும் உரிமையில் அவள் உடலையும் நாடுகிறார். கங்கா எதிர்த்து நிற்கிறாள்.

வெங்கு மாமாவை இரட்டை வேடதாரி, பழமைவாதி என்று வகைப்படுத்திக் கடந்துவிடுவது வழக்கம். அது போதாது. பாதிக்கப்பட்டவருக்கென வழக்கறிஞர் என்னும் தனி இடம் இல்லாத ஓர் அமைப்பில், சட்டம் அறிந்தவன் அவளுக்கு என்னவாக இருக்க முடியும் என்பதற்கு ஜெயகாந்தன் அளிக்கும் விடை அவர். அவர் காப்பாளராகலாம், நீதிபதியாகலாம், வேட்டைக்காரராகலாம்; வக்காலத்து பெற்றவராக மட்டும் ஆக முடியாது. வக்காலத்தில் கட்சிக்காரரின் கையொப்பம் வேண்டும். கங்காவிடம் அவர் ஒருபோதும் ஒப்புதல் பெறவில்லை.

மூன்றாமவர் எழுத்தாளர் ஆர்.கே.வி. நாவலின் நுட்பம் செறிந்த பகுதி இதுவே. நிகழ்வுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து, வார இதழ் ஒன்றில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் கதையில் கங்கா தன்னையே காண்கிறாள். கதையில் தாய் நீரூற்றுகிறாள். கங்காவின் தாய் ஊற்றவில்லை. தன் துயரம் ஒருவருக்குக் கருப்பொருளாகி, திருத்தப்பட்டு, அச்சேறி, நகரத்தாரின் கையில் தவழ்கிறது. ஜெயகாந்தன் தம் சொந்தக் கதையையே தம் கதைமாந்தருக்கு அளித்து, அதன் நாயகியையே வாசகியாக்குகிறார். இதனைப் புனைவு உத்தி என்று பாராட்டுவோர் உண்டு. தன்விசாரணை என்று கொள்வதே பொருத்தம். பரிவோடு எழுதினேன் என்பது போதுமா, யாரைக் கேட்டு எழுதினாய் என்று தம்மையே வாசற்படியில் நிறுத்திக் கேட்கிறார்.

கோட்டூர்புரத்து அறிக்கையை இதனருகில் வைத்தால் ஒற்றுமையும் வேற்றுமையும் ஒருங்கே புலப்படும். இரண்டிலும் பெண் தன்னைப் பிறர் எழுதிய பனுவலாகச் சந்திக்கிறாள். ஆர்.கே.வி. பெயரை மறைத்தார், முடிவை மாற்றினார், அவள்பால் இரக்கம் கொண்டார். அறிக்கையோ பெயரையும் மறைக்கவில்லை, பழியையும் தடுக்கவில்லை. அடையாளத்தை வெளியிடுவதைத் தண்டிக்கும் சட்டப்பிரிவு, முன்பு 228அ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72, பெயரைக் காக்கிறது, கதையைக் காப்பதில்லை. பெயர் நீக்கிய கதையைப் படிக்கும்போதும் கங்காவுக்கு உடல் நடுங்குமெனில், காக்கப்பட வேண்டியது பெயருக்கு அப்பாலும் ஒன்றுண்டு. அதனைக் ‘கூற்று’ என்று இக்கட்டுரை குறிக்கிறது. நடந்தது என்ன, அது எச்சொல்லால் குறிக்கப்படும், எதிலிருந்து தொடங்கிச் சொல்லப்படும், யார் கேட்பர் என்பனவற்றின்மீது அவளுக்குள்ள உரிமையே அது.

நான்காமவன் பிரபு, குற்றம் இழைத்தவனே. அவனைக் கண்டடைந்த கங்கா, தண்டனையை நாடவில்லை. அவனோடு ஒரு நட்பை நாடுகிறாள். அவன் பெயரைத் தன் வாழ்வோடு இணைத்துச் சமூகத்தின் வாயை அடைக்கிறாள். அவனோ இறுதியில் அவளுடைய நலத்தின் பெயரால் வேறொருவரை மணக்குமாறு வற்புறுத்துகிறான். குற்றவாளியும் அவளுக்காக வக்காலத்து வாங்கிவிட்டான்! தாய், வக்கீல், எழுத்தாளர், குற்றவாளி ஆகிய நால்வரும் அவள் நன்மைக்கே பேசுகின்றனர். உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாவலின் பெரும்பகுதி கங்காவின் தன்கூற்றாக அமைந்திருப்பதன் தேவை இங்கேதான் விளங்குகிறது. கதைமாந்தர் எவரும் கேட்காததை வாசகர் கேட்க வேண்டியிருக்கிறது.

மறுப்புகளும் நாவலின் குறையும்

இவ்வாசிப்புக்கு மறுப்பு எழக்கூடும். முதலாவது, இன்றைய சட்டக் கருத்தாக்கத்தை 1970இன் நாவலில் ஏற்றுவது காலவழு என்பது. கங்கா நடந்ததை எங்கும் குற்றவியல் சொல்லால் குறிப்பதில்லை. அவளுடைய இசைவின்மைகூடத் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பர். உண்மை. ஆனால் அத்தெளிவின்மை அவளுக்குக் கிடைத்த சொற்களின் வறுமை. அக்காலத்து நாளிதழ்களும் நீதிமன்றமும் ஒருங்கே ஆண்ட ‘கற்பழிப்பு’ என்னும் சொல், அழிந்தது அவளுடைய கற்பு என்று முடிவுகட்டிவிட்டே பேச்சைத் தொடங்குகிறது. அச்சொல்லை ஏற்றால் வெங்கு மாமாவின் தீர்ப்பையும் ஏற்க வேண்டிவரும். அவள் மௌனத்தைத் தேர்ந்ததில் வியப்பில்லை. ‘பாலியல் வன்கொடுமை’ என்னும் இன்றைய சொல் பழியை இடம் மாற்றியுள்ளது. எனினும் ‘பாதிக்கப்பட்டவர்’ என்னும் செயப்பாட்டு வடிவத்தில் அவர் இன்னும் யாரோ செய்ததன் விளைவாகவே எஞ்சுகிறார் என்பது தனியே ஆராயத்தக்கது.

இரண்டாவது மறுப்பு வலிமை மிக்கது. நாவல் பிரபுவைச் செல்வத்தால் சீரழிந்த, இரக்கத்துக்குரிய பெருங்குழந்தையாகப் படைக்கிறது. கங்காவின் காலமும் கவனமும் அவனைத் தேற்றுவதிலும் திருத்துவதிலும் கழிகின்றன. இது என்னைப் பொறுத்தவரை நாவலின் உண்மையான சரிவு. ஜெயகாந்தனுக்குத் தம் மாந்தர் எவரையும் முற்றாகக் கைவிட மனம் வருவதில்லை. அவ்வுளப்பாங்கு அவருடைய பிற கதைகளில் ஒளி சேர்க்கிறது. இங்கோ குற்றத்தின் கனத்தைக் குறைக்கிறது. அவள் விரும்பியதைத் தேர்ந்தாள் என்று கொண்டாடவும் இயலவில்லை. தேர்வதற்கு அவள்முன் வேறு வழி எதுவும் வைக்கப்படவில்லையே.

வெகுமக்கள் கற்பனை இவ்விடத்தை வேறு விதமாக நிரப்பியது. 1984இல் வந்த ‘விதி’ திரைப்படத்தில் ஏமாற்றப்பட்ட பெண்ணுக்காகச் சுஜாதா ஏற்ற பெண் வழக்கறிஞர் வாதாடினார். அதன் வசன ஒலிநாடா தேநீர்க் கடைகளிலும் கோயில் திருவிழாக்களிலும் ஒலித்ததை அத்தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். பாதிக்கப்பட்டவருக்காகப் பேசுதல் என்றால் நீதிமன்ற நடுவே முழங்குதல் என்னும் எதிர்பார்ப்பை அது தமிழர் செவியில் பதித்தது. ‘நேர்கொண்ட பார்வை’ (2019) வரை அந்த முழக்கம் தொடர்கிறது. நடைமுறைச் சட்டம் அவருக்கு முழங்கும் உரிமையைத் தரவில்லை என்பதை மேலே கண்டோம். கங்காவுக்குத் தேவைப்பட்டதும் அதுவன்று.

கையொப்பத்துக்கு முன்

அவ்வாறாயின் இன்று சைதாப்பேட்டை நீதிமன்ற வளாகத்திலோ அல்லிக்குளம் மகளிர் நீதிமன்றத்திலோ பாதிக்கப்பட்டவர்தரப்பில் நிற்கும் வழக்கறிஞர் என்ன செய்கிறார்? அவருடைய வேலையின் பெரும்பகுதி நீதிபதியின் காதுக்கு எட்டாதது. புகாரைப் பெற்றுக்கொண்டு சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்தனுப்பும் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையைக் கேட்டு நிற்பது. குற்றம் எங்கு நடந்திருப்பினும் எந்த நிலையத்திலும் பதியலாம் என்னும் 173ஆம் பிரிவை எடுத்துக்காட்டுவது. மருத்துவப் பரிசோதனைக்கு அவருடைய ஒப்புதல் வேண்டும் என்பதை மருத்துவமனைக்கு முன்பே அவருக்குச் சொல்லிவைப்பது. நடுவர் முன் வாக்குமூலம் அளிக்கும் நாளில் உடன் செல்வது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இடைக்கால இழப்பீட்டு மனுவை இடுவது. புலனாய்வின் நிலையை 90 நாட்களுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் 193ஆம் பிரிவைச் சுட்டிக் கடிதம் எழுதுவது. எதிரியின் பிணை மனு வரும் தேதியைக் கவனித்திருப்பது. குழந்தைகள் வழக்குகளில் இப்பணியின் ஒரு பகுதி ‘துணைநபர்’ என்னும் பெயரில் போக்சோ விதிகளில் இடம்பெற்றுள்ளது. அத்துணைநபரை நியமிப்பது கட்டாயம் என்பதை 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

இந்தியாவில் இத்துறையின் அறிவுத் தளங்களுள் ஒன்று மத்திய சென்னையிலேயே உள்ளது. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறையை ஒட்டியே 1992இல் இந்தியப் பாதிக்கப்பட்டோரியல் கழகம் தோன்றியது. ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில். பெண் புகாரளிக்கப் பெண் கேட்க வேண்டும் என்னும் எண்ணம் அன்று முன்னோடியானது. கோட்டூர்புரம் நிலையமும் அவ்வரிசையில் வந்த மகளிர் காவல் நிலையமே என்பதை மனத்திற்கொள்ள வேண்டும். கேட்பவர் பெண்ணாக இருப்பது கூற்றைத் தானாகவே காத்துவிடவில்லை. நாவலில் கனகமும் பெண்ணே.

காவல் நிலையத்தில் புகார்தாரர் வாய்மொழியாகச் சொல்ல, எழுத்தர் எழுதுகிறார். பேச்சுத் தமிழ் அலுவல் தமிழாகிறது. ‘பயமா இருந்துச்சு, கத்த முடியல’ என்பது ‘நான் சத்தம் எதுவும் போடவில்லை’ என்று ஆகிவிட வாய்ப்புண்டு. இரண்டும் ஒரே நிகழ்வைக் குறிப்பன போலத் தோன்றும். முதலாவதில் அச்சம் காரணமாக நிற்கிறது. இரண்டாவதில் காரணம் உதிர்ந்து, செயலின்மை மட்டும் எஞ்சுகிறது. ஓராண்டுக்குப் பின் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடிக்கப்போவது அவ்விரண்டாம் வாக்கியத்தைத்தான். நீதிமன்றத்தில் பேச அனுமதியற்ற துணைவர் தன் முழு ஆற்றலையும் காட்ட வேண்டிய இடம் இந்த வாக்கியமே. அம்மா, நீங்கள் சொன்னது இதுதானா என்று கேட்பதும், இல்லையெனில் திருத்தி எழுதச் சொல்வதும் தமிழ் இலக்கணமும் மொழிநடையும் கற்றவர் நன்கறிந்த பணி. இப்பயிற்சியை நம் துறைகள் வழங்க முடியும்.

முதல் தகவல் அறிக்கையின் படிவத்தில், புகார்தாரரின் கையொப்பத்துக்குச் சற்று மேலே ஒரு வரி அச்சிடப்பட்டிருக்கிறது. அறிக்கை புகார்தாரருக்குப் படித்துக் காட்டப்பட்டது, சரியாகப் பதிவு செய்யப்பட்டுள்ளதென அவர் ஒப்புக்கொண்டார், படியொன்று கட்டணமின்றி வழங்கப்பட்டது என்பது அதன் பொருள். நள்ளிரவில், அழுது ஓய்ந்த பெண்ணிடம் அவ்வரி எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது? பெரும்பாலும் பேனாவை நீட்டும் நேரம் மட்டுமே. ஆர்.கே.வி. தம் கதையை அச்சுக்கு அனுப்புமுன் கங்காவுக்குப் படித்துக் காட்டவில்லை. அவள் அதனைப் பிறரோடு ஒருத்தியாக, வார இதழில்தான் படிக்க நேர்ந்தது.